நாற்பத்தொன்றுக்கு என்ன பெயர்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. நான் வழக்கமாக எழுதுகிற கோயில், கல்வெட்டு, கொல்லிமலை வகையும் இல்லை. நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் கணவன் மனைவிக்குள் இருக்கும் ஆசையைப் பற்றியது. சம்பந்தி வீட்டார், மருமக்கள் எல்லோரும் இதைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். சங்கடமாக இருந்தால் தள்ளிவிட்டுப் போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். என்னிடம் முதலில் படித்த பிள்ளைகளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எழுத வேண்டிய கடனும் ஒன்று எனக்கு இருக்கிறது.

1994-ஆம் வருடம். பதினொன்றாம் வகுப்பில் உலா இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தேன். அரசன் வீதியில் பவனி வருவான், ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் கண்டு மயங்குவார்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். கரும்பலகையில் பெயரையும் பக்கத்தில் வயதையும் எழுதிப்போட்டேன். பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. (பாட்டியல் நூல்களுக்குள் இந்த வயதுக் கணக்கு கொஞ்சம் மாறும். பள்ளிக்கூடம் போகிற வயதுக் குழந்தைகளையும் அந்த வரிசையில் நிறுத்தியதற்கு நாம் வெட்கப்பட வேண்டும். அதைத் தனியாக ஒருநாள் எழுதுகிறேன்.)

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். “ஏனுங்கம்மா, நாப்பத்தொண்ணு ஆனவங்களுக்கு என்ன பேருங்க?”

“கிழவி” என்றேன்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அன்று வயது முப்பத்தாறு.

போன மாதம் அந்த வகுப்பில் படித்த ஒருத்தி போன் செய்தாள். கேள்வி கேட்டவள் இல்லை, சிரித்தவர்களில் ஒருத்தி. யாரென்று தேடாதீர்கள், அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவளுக்கு இப்போது நாற்பத்தேழு. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தால் வலி, அதனால் பயம், பயத்தால் விலகல். அவரோ, தன்மேல் பிரியம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு மூன்று மாதமாகச் சரியாகப் பேசுவதில்லை. மூத்த மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் இதை யாரிடம் போய்ச் சொல்வது? கடைசியில் சொன்னாள்: “அம்மா, அன்னைக்கு நீங்க சொன்ன பேரு எனக்கு வந்திருச்சுங்க.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய புத்தகங்களை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நாற்பதுக்கு மேல் ஆசைக்கு நம் இலக்கியத்தில் எங்கே இடம் இருக்கிறது என்று பார்க்கலாம் என்றுதான்.

உலாவில் இல்லை. ஆதி உலா என்று சொல்லப்படும் சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞான உலாவிலும் ஏழு பருவம்தான். ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் மூவருக்கும் பாடிய மூவருலாவிலும் ஏழுதான். பன்னிரு பாட்டியல், பவனி வருகிற ஆணுக்கு 48 வயது வரை இடம் கொடுக்கிறது. அவனுக்கு எட்டு வருடம் கூடுதல்!

தொல்காப்பியத்தில் இடம் இருக்கிறது, ஆனால் எங்கே என்று பாருங்கள். பெருந்திணையில். பொருந்தாக் காமம் என்று நான் உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். அதன் கூறுகளில் ஒன்று ‘இளமை தீர்திறம்’. இளம்பூரணர் இதற்கு மூன்று வகை சொல்கிறார். ஆண் முதியவனாகப் பெண் இளையவளாக இருப்பது ஒன்று. பெண் முதியவளாக ஆண் இளையவனாக இருப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் என்னை நிறுத்தியது. இருவருமே இளமை கடந்தவர்கள், ஆனால் அறத்தின்மேல் போக வேண்டிய மனம் காமத்தின்மேல் போகிறது என்கிறார். இதில் என்ன பொருந்தாமை? ஐம்பது வயது மனிதர் தன் நாற்பத்தெட்டு வயது மனைவியை ஆசையோடு பார்த்தால் அதுவும் பெருந்திணையா? முப்பத்து மூன்று வருடம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன், ஒரு நாளும் எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை.

கற்பியலில், முதிர்ந்த தம்பதியர் மக்களோடும் சுற்றத்தோடும் கூடி நல்லறம் பழகுவதே வாழ்க்கையின் பயன் என்று ஒரு சூத்திரம் வரும். அழகான காட்சிதான். மக்களும் சுற்றமும் தூங்கப் போன பிறகு அவர்கள் இருவரும் என்ன செய்தார்கள் என்று சூத்திரத்தில் இல்லை.

இப்போது தஞ்சாவூருக்குப் போவோம். அங்கே ஒரு பெண் இதைப் பற்றியே ஒரு காவியம் பாடியிருக்கிறாள். தமிழில் இல்லை, தெலுங்கில். நாயக்கர் காலம் தொட்டுத் தஞ்சை அரண்மனையில் தெலுங்குதான் புலவர் மொழி, பின்னால் வந்த மராட்டிய அரசர்களும் அதையே தொடர்ந்தார்கள். பிரதாபசிம்மர் (1739–1763) அவையில் இருந்தவர் முத்துப்பழனி. கணிகையர் குலத்தில் பிறந்து, இசையும் இலக்கியமும் கற்றவர். அவர் எழுதியது ‘ராதிகா சாந்த்வனம்’. ராதையைச் சமாதானப்படுத்துதல் என்று பொருள். நான்கு பகுதி, 584 பாடல். எனக்குத் தெலுங்கு பேசத்தான் வரும். நம் ஊரில் அந்த அளவு தெலுங்கு வராதவர்கள் குறைவு. காவியத் தெலுங்கு ஓடாது. 2011-இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த பிறகுதான் முழுதாகப் படித்தேன்.

நமக்குத் தெரிந்த ராதை பிருந்தாவனத்து இளம்பெண். முத்துப்பழனியின் ராதை வேறு. அவள் நடுவயதுக்காரி. இளா என்ற பெண்ணைத் தானே வளர்த்து, தானே கண்ணனுக்கு மணம் முடித்து வைக்கிறாள். மணப்பெண்ணுக்குப் புத்தி சொல்கிறாள், அவளிடம் பக்குவமாக நடந்துகொள் என்று கண்ணனுக்கும் சொல்கிறாள். ஒரு மூத்த பெண்ணிடம் ஊர் எதிர்பார்க்கிற எல்லாவற்றையும் சரியாகச் செய்து முடிக்கிறாள். பிறகு தன் அறைக்குப் போகிறாள். அங்கேதான் காவியம் தொடங்குகிறது என்பேன். கோபம், பொறாமை, ஏக்கம், கண்ணன் வேண்டும் என்ற தவிப்பு. எல்லாம் கொடுத்துவிட்டோம், இனி நமக்கு வயதாகிவிட்டது என்று அவளால் ஒதுங்க முடியவில்லை. கடைசியில் கண்ணன்தான் அவளைத் தேடி வந்து சமாதானம் செய்ய வேண்டியிருக்கிறது. கூடலில் முன்கை எடுப்பவளும் அவள்தான். பொறாமையில் அவள் பேசுகிற சில பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பொய்யாக ஒரு சொல் பேசவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நூலை அச்சிட்டவர்கள் சில பாடல்களை விட்டுவிட்டார்கள். தெலுங்கு நாட்டின் பெரிய சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம், விதவை மறுமணத்துக்காக ஊரையே எதிர்த்தவர், பெண் காதால் கேட்கத்தகாத பாடல்கள் என்று இதை ஒதுக்கினார். எழுதியவளின் குலத்தையும் சேர்த்துத்தான் ஏசினார்.

அதற்குப் பதில் சொன்னவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-இல் பிறந்தவர், தேவதாசி மரபு, சென்னையில் பெயர்பெற்ற பாடகி. வெட்டாத ஏட்டுப்படியைத் தேடிப் பிடித்து, 1910-இல் வாவில்லா நிறுவனத்தின் மூலம் முழு நூலையும் பதிப்பித்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு, நம் கரும்பலகைக் கணக்கில் பேரிளம்பெண் தொடங்குகிற வயது. முன்னுரையில் அவர் கேட்டதன் சாரம் இதுதான்: நாணம் பெண்ணுக்கு மட்டுமா, ஆணுக்கு இல்லையா? ஆண் புலவர்கள் இதைவிட வெளிப்படையாக எழுதியதைப் பண்டிதர்கள் பாராட்டவில்லையா?

பண்டிதர்கள் கொதித்தார்கள். ஒரு தாசி எழுதியதை இன்னொரு தாசி அச்சிட்டாள் என்று ஏசினார்கள். 1911-இல் ஆங்கில அரசு நூலை ஆபாசம் என்று சொல்லிப் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. தடை முப்பத்தைந்து வருடம் போல நீடித்தது. டங்குடூரி பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த 1946-47 காலத்தில்தான் நீங்கியது. மறுபதிப்பு 1952-இல் வந்தது. நாகரத்தினம்மாள் இறந்ததும் அதே வருடம்தான்.

இந்த அம்மையாரை உங்களில் பலர் வேறு விதத்தில் அறிவீர்கள். திருவையாற்றில் தியாகராசர் சமாதியைத் தன் சொந்தச் சொத்தைப் போட்டு எழுப்பியவர் இவர்தான். ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றிருந்ததை எதிர்த்து, 1927-இல் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். சமாதியை நோக்கி அமர்ந்த அவர் சிலை இன்றும் அங்கே இருக்கிறது. பக்தியையும் ராதையின் ஆசையையும் ஒரே ஆளால் சுமக்க முடிந்திருக்கிறது. நாம் ஏன் இதை மட்டும் பிரித்து மறைக்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

சரி, போன் செய்த பிள்ளைக்கு நான் சொன்னதற்கு வருகிறேன்.

எனக்கு 2006-இல் நின்றது, நாற்பத்தெட்டு வயதில். நம் நாட்டில் சராசரி நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்கிறார்கள். அதன்பின் இரண்டு வருடம் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அவர் ஹாலில் பாய் போட்டார், நான் உள்ளே படுத்தேன். சண்டை எதுவும் இல்லை. “உங்களுக்குக் காற்று வருமே” என்று நான் சொன்னேன், “உனக்கு இருமல் சத்தம் தொந்தரவு” என்று அவர் சொன்னார். இரண்டும் பொய். வேறு எதற்கோ சேலத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் போனபோது, வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்க் கேட்டேன். அவர் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட்டார். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பின் உள்தோல் மெலிந்து உலர்ந்துபோகிறது, அதனால் வலி. ஆசை வற்றிப்போனதற்கு இது அடையாளம் இல்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் ஜெல்லே பலருக்குப் போதும். போதாவிட்டால் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதிக் கொடுப்பார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி இரத்தம் பட்டால், ஒரு துளியானாலும் உடனே போய்க் காட்டுங்கள். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

ஆண் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். உங்களுக்கும் மாறும். நேரம் பிடிக்கும், சில நாள் உடம்பு ஒத்துழைக்காது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அதில் பெரிய காரணம். அது மானப் பிரச்சினை இல்லை. சில சமயம் இதயத்தில் வரப்போகும் கோளாறுக்கு அது முன்னறிவிப்பாகவும் இருக்கும், ஆகவே மருத்துவரிடம் போங்கள். போலி லேகியக்காரரிடம் போகாதீர்கள்.

இன்னொன்றும் மாறும். அதைச் சொல்ல எனக்கு அன்று யாரும் இல்லை. இளமையில் ஆசை முதலில் வரும், தொடுவது பின்னால். இந்த வயதில் பலருக்குத் தொடுவது முதலில், ஆசை மெதுவாகப் பின்னால் வருகிறது. ஆசை தானாக எழவில்லையே, எல்லாம் முடிந்துவிட்டது என்று பெண்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கனடாவில் ரோஸ்மேரி பாசன் என்ற மருத்துவர் 2000-இல் இதையே எழுதினார்: நீண்டகால உறவில் இருக்கும் பல பெண்களுக்கு, நெருக்கத்துக்குப் பிறகே ஆசை பிறக்கிறது, அது குறை இல்லை. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1966-இல் வெளியிட்ட ஆய்விலேயே, ஐம்பது அறுபது தாண்டியவர்களுக்கும் இன்பம் காணும் திறன் நீடிக்கிறது, வேகம்தான் குறைகிறது என்று சொல்லிவிட்டார்கள். நம் வீடுகளில் விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதமும் டாக்டர் ஷர்மிளாவும் ‘புதிரா புனிதமா’ நடத்தியபோது, பிள்ளைகள் தூங்கிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தோம். நாங்களும்தான்.

எங்கள் வீட்டு ஹாலில் அந்தப் பாய் எத்தனை நாள் கழித்துச் சுருட்டப்பட்டது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சுருட்டப்பட்டது. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பதினோரு வருடங்களை நினைத்துப் பார்க்கிறேன். கல்யாணமான புதிதில் கூட்டுக் குடும்பத்தில் கிடைக்காத நிதானமும் பேச்சும் சிரிப்பும் அப்போதுதான் எங்களுக்குக் கிடைத்தன.

போன் செய்த பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, அன்று வகுப்பில் சொன்ன சொல்லுக்கு மன்னிப்பும் கேட்டேன். “அய்யோ, விடுங்கம்மா” என்றாள். போன வாரம் மறுபடி கூப்பிட்டாள். மருத்துவரைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள், அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவர் மருத்துவர் கூப்பிட்ட பிறகு உள்ளே வந்தாராம். பஸ்ஸில் திரும்பும்போது ஆட்டையாம்பட்டி வரை ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து, பிறகு “எனக்கு ஏன் இதைச் சொல்லல?” என்று கேட்டாராம்.

கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி கேட்ட அந்த இன்னொருத்தி எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. இதைப் படித்தால் கூப்பிடு கண்ணு. உன் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நாற்பத்தொன்றுக்கு நல்ல பெயர் ஒன்று மற்ற பிள்ளைகளுக்குத் தோன்றினாலும் எழுதுங்கள். தமிழில் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் தமிழம்மா
ராசிபுரம்