கொல்லா நெறிப் பூனை மீட்பு

ஆதரவற்ற பூனைகளை எடுத்துவந்து மருத்துவம் பார்த்து, கருத்தடை செய்து, வீடு தேடிக் கொடுக்கும் பணி பூனை மீட்பு. வீட்டுக்குப் பழகாத பூனையாக இருந்தால் பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவார்கள். இடமில்லை, காசில்லை, வயதாகிவிட்டது, யாரும் கேட்டு வரவில்லை என்பதற்காக ஓர் உயிரையும் எடுப்பதில்லை என்ற உறுதியோடு நடந்தால் அது கொல்லா நெறி. இனி மீளாது என்று மருத்துவர் முடிவு செய்த விலங்கை வேதனையிலிருந்து ஊசி போட்டு விடுவிப்பது மட்டுமே இதற்கு விலக்கு. அமெரிக்காவில் காப்பகத்துக்குள் வரும் விலங்குகளில் 90 சதவீதமாவது உயிரோடு வெளியே போக வேண்டும் என்பதை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். கொல்லா நெறி இயக்கம் அங்கே வேகம் பிடித்தது 1994இல். தத்துக் கொடுக்கத் தகுந்த எந்த நாயையும் பூனையையும் கொல்வதில்லை என்று சான் பிரான்சிஸ்கோவின் விலங்கு வதைத் தடுப்புச் சங்கமும் நகர நிர்வாகமும் அந்த ஆண்டு உடன்படிக்கை செய்துகொண்டன.

தமிழ்நாட்டில் இந்த எண்ணம் அதற்கும் மூத்தது. விமானியான கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் 1959இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ், தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்று கருத்தடைதான் என்று 1964 முதல் வாதாடிவந்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆனது. நாய்களோடு பூனைகளும் மாடுகளும் புளூ கிராஸுக்குச் சிகிச்சைக்கு வருகின்றன. தன்னார்வலர்களின் உழைப்பும் நன்கொடையும் அதைத் தாங்குகின்றன.

மதுரைக்கும் இதில் பங்குண்டு. ருக்மிணி தேவி அருண்டேல் 1904இல் பிறந்தது இந்த ஊரில்தான். பரதநாட்டியத்துக்காகவும் கலாக்ஷேத்திராவுக்காகவும் அவரை நினைக்கிறோம். ஆனால் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர், விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1960இன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பிராணிகளுக்காக அவர் செய்த வேலை அவருடைய நடனத்துக்குக் குறைந்ததல்ல.

மீட்புக் குழுவுக்கு வரும் அழைப்புகளில் குட்டிகளைப் பற்றியவை ஏராளம். அட்டைப் பெட்டியில் நான்கு குட்டி, தாயைக் காணோம் என்பார்கள். உடனே தூக்கிவந்துவிடுவது பெரும்பாலும் தவறு. பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்று கிராமத்தில் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. தாய் ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டுபோய் மறைவிடம் மாற்றும்போது, மிச்சமிருப்பவை அநாதையாகத் தெரியும். தாய் இரை தேடப் போயிருக்கலாம். மனிதர்கள் சுற்றி நிற்பதால் வர அஞ்சி ஒளிந்திருக்கலாம். குட்டிகள் வயிறு நிறைந்து, சூடாக, அமைதியாகத் தூங்கினால் தாய் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். சில மணி நேரம் தள்ளி நின்று கவனிப்பதே முதல் சிகிச்சை.

தாய் குட்டியைக் கவ்விச் செல்லும் இந்தக் காட்சியைத் தென்கலை வைணவம் தத்துவமாகவே ஆக்கிக்கொண்டது. குட்டி எதையும் பற்றிக்கொள்ளாது, தாயே கவ்விக் காக்கும்; இறைவனும் உயிரை அப்படியே காப்பான் என்பது மார்ஜார (பூனை) நியாயம். 

தாய் உண்மையிலேயே இல்லையென்றால் வேலை கடுமையானது. பிறந்த குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. ஆகவே பாலுக்கு முன்பு சூடு. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் புகட்டினால் செரிக்காமல் செத்துப்போகலாம். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, உடம்பு சூடேறிய பிறகே புகட்ட வேண்டும். பசும்பால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கில் முடியும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் மாவு வேண்டும். குட்டியைக் குப்புற வைத்தே புகட்ட வேண்டும், மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். முதல் வாரங்களில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். தாய் நக்கிவிடுவதற்கு மாற்றாக, ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் தடவிச் சிறுநீரும் மலமும் கழிக்க வைக்க வேண்டும். வேலைக்குப் போகிற ஒருவரால் இதைத் தனியாகச் செய்ய முடியாது. அதனால்தான் குழுக்கள், சில வாரம் மட்டும் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கும் வீடுகளை, அவர்கள் சொல்வழக்கில் ‘ஃபாஸ்டர்’ வீடுகளை, சேர்க்கின்றன. அத்தகைய வீடுகள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனை குட்டிகளைத்தான் ஒரு குழுவால் காப்பாற்ற முடியும்.

கட்டடம் பெரிதானால் அதிகம் காப்பாற்றலாம் என்று தோன்றும். பூனை விஷயத்தில் அது ஆபத்தான எண்ணம். பேன்லூகோபீனியா என்ற பூனைப் பார்வோ நோய் ஒரு கூண்டில் நுழைந்தால் குட்டிகளை வரிசையாக வாரிக்கொண்டு போகும். அதன் வைரஸ் தரையிலும் துணியிலும் ஓராண்டுகூடப் பிழைத்திருக்கும். கைகழுவும் சானிடைசருக்கு அடங்காது, பிளீச் கரைசலுக்கு அடங்கும். தடுப்பூசியை ஆறிலிருந்து எட்டு வார வயதில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பப் போட வேண்டும். புதிதாக வரும் பூனையை இரண்டு வாரமாவது தனியே வைக்க வேண்டும். தனியறை நிறைந்துவிட்டால் அடுத்த பூனைக்கு ‘இப்போது முடியாது’ என்று சொல்லத்தான் வேண்டும். கல்நெஞ்சம் என்று ஏசுவார்கள். உள்ளே இருக்கும் உயிர்களுக்குக் கொடுத்த வாக்கு அதனால்தான் காப்பாற்றப்படுகிறது. யாரையும் மறுக்காமல் சேர்த்துக்கொண்டு நெரிசலில் சாகவிடுவது கொல்லா நெறியாகாது.

எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ள முடியாது என்பதால், கொல்லா நெறியின் முதுகெலும்பு கருத்தடை. பெண் பூனை நான்கு மாதத்திலேயே பருவமடையக்கூடும். சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பூனை இனப்பெருக்கத்துக்கு ஓய்வு உண்டு. ஆண்டு முழுவதும் பகல் நீளம் பெரிதாக மாறாத மதுரைச் சமவெளியில் அந்த ஓய்வை எதிர்பார்க்க முடியாது. தெருப்பூனையைக் கூண்டு வைத்துப் பிடித்து, அறுவை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, காது நுனியில் சிறிது வெட்டி, தேறியதும் பழைய இடத்தில் விடுகிறார்கள். வெட்டிய காது, இதற்குக் கருத்தடை முடிந்துவிட்டது என்று அடுத்து வருபவருக்குச் சொல்லும் அடையாளம். இரண்டாம் முறை வயிற்றைக் கிழிப்பதை அது தடுக்கிறது.

மதுரையை அடுத்த கப்பலூர் போன்ற இடம் இந்த முறைக்கு நன்றாகப் பொருந்தும். நான்குவழிச் சாலையும் சுங்கச்சாவடியும், சிட்கோ தொழிற்பேட்டையும், தியாகராசர் மில்லும் உள்ள ஊர். கிடங்கு இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் பூனை வரும். அவற்றை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனால் காலியான இடத்துக்கு வேறு பூனைகள் வந்து சேரும். கருத்தடை முடிந்த பூனைகள் அங்கேயே இருந்தால் கூட்டம் மெல்லக் குறையும். இதில் வாட்ச்மேன்களும் கேண்டீன்காரர்களும் காட்டும் ஒத்துழைப்பு பெரிது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சோறு வைத்தால் பூனைகள் நேரத்துக்கு வரப் பழகும். கூண்டு வைக்கும் நாளில் அந்தச் சோற்றைக் கூண்டுக்குள் வைத்தால் போதும். பிடிபட்டதும் துணி போட்டு மூடினால் மிரட்சி அடங்கும். நெடுஞ்சாலையை ஒட்டிச் சோறு வைப்பது மட்டும் கூடாது.

வீட்டுக்குத் தகுந்த பூனையைத் தத்துக் கொடுக்கும்போது நல்ல குழுக்கள் நிறையக் கேள்வி கேட்கும்: ஜன்னலுக்கு வலை உண்டா, வீட்டுக்காரர் சம்மதித்தாரா, காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் கொடுப்பீர்களா? கடைசிக் கேள்வி வீணல்ல. அந்த மாத்திரை பூனைக்கு நஞ்சு.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்? பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960 சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய். அந்தத் தொகை இன்னும் உயர்த்தப்படாதது வெட்கக்கேடு. தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் வேறு வழி எடுத்தார்கள். அங்கே அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கப் பல்லாண்டுகளாகத் தடை இருந்தது. 1999இல் தொடங்கிய பூனை நலச் சங்கத்தின் தன்னார்வலர்கள் தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்துகொண்டே தடையை நீக்கக் கேட்டுவந்தார்கள். 2024 செப்டம்பர் 1 முதல், உரிமமும் மைக்ரோசிப்பும் இருந்தால், வீட்டுக்கு இரண்டு பூனை வளர்க்கலாம்.