எதிர்மறைத் தேர்தல் பரப்புரை: பெரம்பலூர், அரியலூர்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத் தேர்தல் மேடைகளில் வேட்பாளர் என்ன செய்தார் என்பதைவிட யாரோடு சேர்ந்தார் என்பதே வசைக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது. 1995 வரை திருச்சி மாவட்டத்துக்குள் இருந்த இந்தப் பகுதியில் அந்தப் பழக்கத்தின் தொடக்கமாகச் சொல்லத்தக்கது ஒரு ரயில் விபத்து.

1956 நவம்பர் 23 விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற எக்ஸ்பிரஸ், அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்தில் கவிழ்ந்தது. சுமார் 150 பேர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார், நாடே மெச்சியது. தமிழகத்தில் கோபம் துணை அமைச்சர் ஓ. வி. அழகேசன் மீது திரும்பியது. சில மாதங்களில் பொதுத்தேர்தல். அதுதான் திமுகவுக்கு முதல் தேர்தல். ‘அரியலூர் அழகேசர்’ என்று விளித்து, ‘ஆண்டது’, ‘மாண்டது’ என எதுகை போட்ட முழக்கம் ஊரூராகச் சுற்றியது. அழகேசன் செங்கற்பட்டுக்காரர், அரியலூர் அவருக்குச் சொந்த ஊருமில்லை, தொகுதியுமில்லை. ஊர்ப்பெயரை அடைமொழியாக்கியதுமே தீர்ப்பு எழுதியாயிற்று. பாலம் ஏன் தாங்கவில்லை என்று மேடையில் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1957இல் செங்கற்பட்டு மக்களவைத் தொகுதியில் வென்றவர் சுயேச்சை ஏ. கிருஷ்ணசாமி. 1962இல் அழகேசன் மீண்டும் வென்றார். ஆனாலும் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் பலருக்கு நினைவு வருவது அந்த முழக்கம்தான்.

யாரோடு சேர்ந்தார் என்று தாக்கும் இதே உத்தி 1969இல் குடியரசுத் தலைவர் தேர்தலையே புரட்டிப் போட்டது. காங்கிரஸ் வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டிக்காகக் கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா ஜனசங்க, சுதந்திராக் கட்சித் தலைவர்களிடம் பேசினார். அதையே ஆயுதமாக்கி இந்திரா அணி ‘மனசாட்சி வாக்கு’ கேட்டது. ரெட்டியின் தனிவாழ்க்கையை இழிவுபடுத்திய அநாமதேயத் துண்டறிக்கையும் எம்.பி.க்களிடையே உலவியது. திமுக ஆதரித்த வி. வி. கிரி 4,20,077 வாக்கு மதிப்புடன் வென்றார்; ரெட்டிக்கு 4,05,427. தேர்தலை எதிர்த்த மனுக்களில் கிரி உச்ச நீதிமன்றத்தில் நேரில் சாட்சியம் அளித்தார். மனுக்கள் 1970இல் தள்ளுபடியாயின.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றித் தெரிந்தே பொய் பரப்புவதை ஊழல் நடவடிக்கை என்கிறது. கூட்டணியைக் கிண்டலடிப்பது அந்த வலைக்குள் வராது. மேடைப் பேச்சாளர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

பெரம்பலூரிலிருந்து 1996, 1999, 2004இல் மக்களவைக்குச் சென்ற திமுகவின் ஆ. ராசா, தொகுதி மறுவரையறைக்குப் பின் நீலகிரிக்குப் போனார். 2ஜி அலைக்கற்றை (ஸ்பெக்ட்ரம்) ஒதுக்கீட்டு வழக்கில் 2011 பிப்ரவரியில் அவர் கைதானதும், திமுக வேட்பாளர் ஒவ்வொருவரும் ‘ஸ்பெக்ட்ரம் கட்சி’யின் ஆள் ஆனார். அவ்வாண்டு சட்டமன்றத் தேர்தலில் பெரம்பலூர் அதிமுகவுக்குப் போனது. அதே மாவட்டத்தின் குன்னத்தில் திமுகவின் எஸ். எஸ். சிவசங்கர் வென்றார். 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் ராசாவை விடுவித்தது. 2021இல் முறை மாறியது: அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பற்றிய பேச்சுக்காக ராசா 48 மணி நேரம் பரப்புரை செய்யத் தேர்தல் ஆணையம் தடை விதித்தது.

அரியலூர் மாவட்டத்தில் இந்த வசை அரசியலின் மையம் அங்கனூரில் பிறந்த விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் தொல். திருமாவளவன். 2009 ஜனவரியில் ஈழத் தமிழருக்காக மறைமலைநகரில் உண்ணாவிரதம் இருந்தவர், மே மாதம் காங்கிரஸ் இருந்த அணியில் சிதம்பரம் தொகுதியில் நின்றார். எதிரணிக்கு வேறு பேச்சே தேவைப்படவில்லை, ஆனாலும் வென்றார். 2019இல் அவருக்குப் பானைச் சின்னம். வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 18 அன்று அரியலூர் மாவட்டத்துப் பொன்பரப்பியில் பானை ஒன்றை உடைத்ததில் தொடங்கிய மோதல், தலித் வீடுகள் சூறையாடப்படும் அளவுக்குப் போனது. அவர் வென்ற வித்தியாசம் 3,219 வாக்குகள்.

2019இல் பெரம்பலூரில் இந்திய ஜனநாயகக் கட்சியின் பாரிவேந்தர் திமுகவின் உதயசூரியன் சின்னத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2024இல் பாஜக அணிக்குப் போய்த் தாமரைச் சின்னத்தில் நின்றார். எதிரே அமைச்சர் கே. என். நேருவின் மகன் அருண் நேரு. ஒரு பக்கம் வாரிசு அரசியல் என்ற வசை, மறுபக்கம் அணி மாறியவர் என்ற வசை. அருண் நேரு 3,89,107 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இரண்டாமிடம் அதிமுகவுக்கு, பாரிவேந்தருக்கு மூன்றாமிடம்.