பிரீமியம் பிறந்த கதை

ஆயுள் காப்பீடு எடுக்கப் போனால் முதலில் வயதைத்தான் கேட்பார்கள். அதே தொகைக்கான பாலிசிக்கு இளைஞர் கட்டுவதைவிட ஐம்பது வயதுக்காரர் பல மடங்கு கட்ட வேண்டும். ஏன் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் எட்மண்ட் ஹாலி. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலிதான்.

எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற விவரம் அவருக்கு வேண்டியிருந்தது. லண்டனில் இறப்புக் கணக்கு வாராவாரம் அச்சாகி வந்தது. ஜான் கிராண்ட் என்ற வியாபாரி அதை அலசி 1662-லேயே புத்தகம் எழுதியிருந்தார். ஆனால் அந்தக் கணக்கில் இறந்தவரின் வயது கிடையாது. பிழைப்புத் தேடி வந்தவர்கள் வேறு அந்த ஊரில் குவிந்திருந்ததால் கணக்குப் பிசகும். கைகொடுத்தது பிரெஸ்லா, இன்று போலந்தில் இருக்கும் நகரம். அங்கே காஸ்பர் நாய்மன் என்ற பாதிரியார் 1687 முதல் 1691 வரையிலான பிறப்பு இறப்புகளை வயதோடு திரட்டி வைத்திருந்தார். அதை வைத்து ஹாலி 1693-இல் ஓர் அட்டவணை வெளியிட்டார்.

அதில் 20 வயதுக்கு எதிரே உயிரோடிருப்பவர்கள் 598 பேர். 21-க்கு எதிரே 592. ஓராண்டில் ஆறு பேர் குறைகிறார்கள், அதாவது நூற்றுக்கு ஒருவர். 50 வயதில் 346 பேர், 51-இல் 335. இங்கே ஏறத்தாழ முப்பதுக்கு ஒருவர். இன்னார் இந்த வருஷம் இறப்பார் என்று எவராலும் சொல்ல முடியாது. இத்தனை பேரில் இத்தனை பேர் என்று சொல்ல முடியும் என்பதை அந்தப் பாதிரியாரின் பொறுமை நமக்குக் கொடுத்தது. எனக்கு ஹாலியைவிட அவர்மேல்தான் மரியாதை அதிகம்.

அட்டவணை வந்தும் காப்பீட்டுக்காரர்கள் அதைத் தொடவில்லை. லண்டனில் 1706-இல் தொடங்கிய அமிக்கபிள் சங்கம் 12 முதல் 45 வயதுவரை எல்லோரிடமும் ஒரே சந்தா வாங்கியது. அந்த வருஷம் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பணத்தைப் பங்கிட்டது. சாவு அதிகமான வருஷத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் பங்கும் சுருங்கியது.

ஜேம்ஸ் டாட்சன் என்ற கணித ஆசிரியரை 45 வயதைக் கடந்தவர் என்று அந்தச் சங்கம் சேர்க்கவில்லை. வயதானவரையும் சேர்க்கலாம், அவரவர் வயதுக்கேற்ற பிரீமியம் வாங்கினால் போதும் என்று அவர் கணக்குப் போட்டார். வருஷா வருஷம் பிரீமியத்தை ஏற்ற வேண்டியதில்லை. இளமையில் சற்றுக் கூடுதலாக வாங்கிச் சேர்த்துவைத்தால், ஆபத்து கூடும் முதுமைக்கு அது ஈடுகட்டும் என்பதும் அவர் கணக்கு. 1757-இல் அவர் இறந்துபோனார். அந்த முறையில் நடக்கும் ஈக்விட்டபிள் சொசைட்டி 1762-இல்தான் தொடங்கியது.

ஆபத்துக்கேற்ற பிரீமியம் என்ற இந்த நியாயம் இந்தியாவுக்குத் தாமதமாகத்தான் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் இந்தியர் என்பதற்காகவே கூடுதல் பிரீமியம் கேட்டன. 1870-இல் தொடங்கிய பம்பாய் மியூச்சுவல் நம்மவர்களையும் சாதாரண பிரீமியத்தில் சேர்த்தது.

'கட்டின பணம் திரும்பி வருமா?' என்பதைத்தான் நாம் முதலில் கேட்கிறோம். ஆனால் குடும்பம் உங்கள் சம்பளத்தை நம்பியிருந்தால், குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசியின் பிரீமியத்தை இளவயதிலேயே விசாரியுங்கள். விண்ணப்பத்தில் வயதையும் நோயையும் உள்ளபடி எழுதுங்கள்.