இரு கருவிகள் புணர்ந்த வரலாறு

1949ஆம் ஆண்டு லைனஸ் பாலிங்கும் அவர்தம் குழுவினரும், கதிர் அரிவாள் இரத்தசோகை உடையோரின் ஹீமோகுளோபினையும் நலமுடையோரின் ஹீமோகுளோபினையும் மின்புலத்தில் நகரவிட்டு ஒப்பிட்டனர். இரண்டும் வெவ்வேறாக நகர்ந்தன. மூலக்கூறு வேறுபட்டது என்பது தெளிவாயிற்று. எவ்வாறு வேறுபட்டது என்பது விளங்கவில்லை. ஓர் அமினோ அமிலத்தின் மாற்றமே காரணம் என்பதைப் பின்னர் வெர்னன் இங்ராம் கண்டறிந்தார். பிரித்துக் காட்டும் கருவி, பிரிந்த பொருள் இன்னதென்று சொல்வதில்லை. அக்குறை நீங்கிய வரலாறே இங்குக் கூறப்படுகிறது.

மின்புலத்தால் புரதங்களைப் பிரிக்கும் கருவியைச் சுவீடனின் உப்சாலாவில் ஆர்னே டிசெலியஸ் 1937இல் வெளியிட்டார். மின்னோட்டம் எழுப்பும் வெப்பம் கரைசலைக் கலக்கிவிடுவது அம்முறையின் இடர். 1981இல் ஜார்கென்சனும் லூகாக்சும் 75 மைக்ரோமீட்டர் உள்விட்டமுள்ள நுண்புழைக் கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்தினர். குழாய் மிகக் குறுகியதாதலின் வெப்பம் சுவர்வழி எளிதில் வெளியேறியது. ஆகவே 30,000 வோல்ட் வரை மின்னழுத்தம் தர இயன்றது.

மூலக்கூற்றின் நிறையை அளப்பது நிறைமாலைமானி. அளக்கப்படும் பொருள் மின்னேற்றம் பெற்று வளிநிலையில் இருத்தல் வேண்டும். புரதமோ சூடேற்றினால் சிதையும். யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபென், உயர் மின்னழுத்தத்தில் கரைசலை நுண்துளிகளாகத் தெளித்து, புரதத்தைச் சிதைக்காமல் வளிநிலைக்குக் கொணர்ந்தார். 2002இல் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர்.

இனி இவ்விரண்டையும் இணைப்பதே எஞ்சியது. நுண்புழைக் குழாயின் இரு முனைகளும் மின்பகு கரைசலில் தோய்ந்திருந்தால்தான் மின்சுற்று நிறைவுறும். ஒரு முனை நிறைமாலைமானியை நோக்கித் திறந்திருப்பின் கரைசற்கலத்தை எங்கே வைப்பது? 1987இல் அமெரிக்காவின் ரிச்லாந்தில் ரிச்சர்டு ஸ்மித் குழுவினர், தெளிப்பதற்கான மின்முனையையே சுற்றை நிறைவு செய்யவும் பயன்படுத்தினர். அடுத்து, குழாய் முனையைச் சூழ்ந்து மின்கடத்தும் திரவம் மெல்லென ஒழுகுமாறு செய்தனர்.

மரம் என்பதும் ஐ உருபும் புணரும்போது அத்துச் சாரியை இடைவந்து 'மரத்தை' என்றாகிறது. தனக்கெனப் பொருளில்லாத சாரியை இணைப்புக்கு இன்றியமையாததாகிறது. அத்திரவமும் அத்தகையதே. ஆயினும் அது புரதக் கரைசலை நீர்க்கச் செய்யும். எனவே அதனைத் தவிர்க்கும் இணைப்புகளும் பின்னர் உருவாயின.

கதிர் அரிவாள் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி, இயல்பானதைவிட ஏறத்தாழ 30 டால்டன் நிறை குறைந்தது. முன்பு நகர்ச்சியால் மட்டும் அறிந்த வேறுபாட்டை இன்று எண்ணாகவும் படிக்கிறோம். இரு துறைகளும் தனித்தனியே வளர்ந்திருந்தும், அவை சந்திக்கும் முனையைச் செம்மை செய்த பின்னரே இது கைகூடியது என்பதை மாணவர் மனங்கொள்ள வேண்டும்.