லாஸ் வேகஸ் பள்ளத்தாக்கின் கடினநீர்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துத் தென்முனையில், மொஹாவி பாலைவனத்துக்குள் அமைந்தவை லாஸ் வேகஸ் நகரமும் ஹெண்டர்சன் முதலான அதன் புறநகர்களும். இவற்றின் குழாய்நீரில் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு ஏறத்தாழ 280 மில்லிகிராம். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை 180-ஐத் தாண்டிய நீரையே ‘மிகக் கடினம்’ என்று வகைப்படுத்துகிறது. இந்த நீரைக் குடிப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் வாட்டர் ஹீட்டர், ஷவர், கண்ணாடி, துணி என்று படும் இடமெல்லாம் சுண்ணாம்பைப் படியவிடுகிறது. அதிலிருந்து தப்ப வீடுகள் வைத்துக்கொள்ளும் மென்மையாக்கி என்ற கருவியோ, தண்ணீர் புறப்பட்ட ஏரிக்கே உப்பைத் திருப்பி அனுப்புகிறது.

மூலம்

பள்ளத்தாக்கில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 10 சென்டிமீட்டர்தான். ஊர் தோன்றக் காரணமான ஊற்றுகள் 1962-இல் வற்றிவிட்டன. இப்போது நீரில் ஏறத்தாழ 90 விழுக்காடு கொலராடோ ஆற்றுடையது. ஹூவர் அணை தேக்கிய மீட் ஏரியிலிருந்து வருகிறது. ராக்கி மலைத்தொடரில் பனி உருகி ஓடத் தொடங்கும்போது அது மென்னீர். வரும் வழியில் சுண்ணாம்புப் பாறை, ஜிப்சம், பழங்காலக் கடலடியில் உருவான களிப்பாறை ஆகியவற்றைக் கரைத்துக்கொள்கிறது. பாசன வயல்களிலிருந்து வடியும் நீரும் தன் பங்குக்கு உப்பைச் சேர்க்கிறது. இவற்றோடு வெயிலும் சேர்கிறது: மீட் ஏரியிலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 மீட்டர் உயரத் தண்ணீர் ஆவியாகிறது, அதிலிருந்த கனிமம் ஏரியிலேயே தங்கிவிடுகிறது.

மீதிப் பங்கான நிலத்தடி நீரும் சுண்ணாம்புப் பாறை நிறைந்த ஸ்பிரிங் மலைகளில் ஊறி வருவதால் அதுவும் கடினநீரே. சுத்திகரிப்பு நிலையங்களில் ஓசோன் செலுத்தி, வடிகட்டி, குளோரின் கலக்கிறார்கள், கடினத்தன்மையை நீக்குவதில்லை. அதற்கு அமெரிக்கக் குடிநீர்ச் சட்டத்தில் உச்சவரம்பும் கிடையாது.

வீட்டில்

பெரும் செலவு வைப்பது வாட்டர் ஹீட்டர். நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடேறும்போது சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் பிரிகிறது. சர்க்கரையும் சோற்றுப்பும் சூட்டில் கூடுதலாகக் கரையும். இது சூட்டில் குறைவாகவே கரையும். ஆகவே வீட்டிலேயே மிகச் சூடான பரப்பைத் தேடிப் படிகிறது. கேஸில் இயங்கும் ஹீட்டரில் தொட்டியின் அடியில்தான் தீ. படிவும் அங்கேயே சேர்கிறது. படிவுக்குக் கீழே அகப்பட்ட நீர் கொதித்து வெளியேறும்போது ‘பொட் பொட்’ என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்துவிட்டால், தீயின் சூடு படிவைத் தாண்டித்தான் நீரைச் சேர்கிறது, கேஸ் வீணாகிறது என்று பொருள். ஆண்டுக்கொரு முறை தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து கழுவிவிட்டால் இதைப் பெரிதும் தடுக்கலாம். தொட்டியில்லா ஹீட்டரின் குறுகிய பாதைகள் இன்னும் சீக்கிரம் அடைபடும்; அவற்றுக்குள் வினிகரோ சிட்ரிக் அமிலமோ ஓடவிட வேண்டும்.

40 டிகிரியைத் தாண்டும் கோடையின் வறண்ட காற்றில், குளியலறைக் கண்ணாடியில் தெறித்த துளி வழிந்தோடுமுன் காய்ந்து வெள்ளைப் புள்ளியாகிறது. குளித்த கையோடு ரப்பர் துடைப்பானால் இழுத்துவிட்டால் போதும். வாரக்கணக்கில் விட்ட கறைக்கு வினிகர் வேண்டும். அது பட்டதும் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். ஆனால் பளிங்குக் கல் பதித்த குளியலறையில் வினிகர் கூடவே கூடாது. பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான். கறையோடு கல்லின் மெருகும் போய்விடும்.

சோப்பின் கொழுப்பு அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காவதால் நுரை எழாது, தொட்டியில் வளையம் படியும். துண்டும் விறைத்துப்போகும். சமையலறையில் கொண்டைக்கடலை லேசில் வேகாது. பருப்பு வகைகளின் செல்சுவரிலுள்ள பெக்டினைக் கால்சியம் இறுக்கிப் பிடிப்பதே காரணம். ஒரு சிட்டிகை ஆப்பசோடா அந்தப் பிடியைத் தளர்த்தும். பால் சேர்க்காத தேநீரின் மேலே மெல்லிய ஆடை படர்வதும் இந்த நீரால்தான். நீர்விட்டுக் குளிரூட்டும் ஏர் கூலர் வைத்த வீடுகளில் அதன் திண்டு பாறையாக இறுகுகிறது. நீச்சல்குளத்து ஓடுகளில், நீர்மட்டத்தை ஒட்டி வெண்பட்டை படிகிறது.

உடல்நலம்

உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் விதிக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டியவையே. தோல்நோய் குறித்த அச்சம் பரவலாக உண்டு. கரப்பான் உள்ள 336 குழந்தைகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு, வீட்டில் மென்மையாக்கி பொருத்தியதால் நோயின் தீவிரத்தில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்று கண்டது. தோலுக்காக என்று சொல்லி மென்மையாக்கியை விற்பவர்களிடம் வாங்குபவர் இதைக் கேட்டாக வேண்டும்.

மென்மையாக்கியும் ஏரியும்

இப்பகுதியில் பல வீடுகளின் கார் கொட்டகையில் மென்மையாக்கியும், மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டும் தொட்டியும் இருக்கும். கருவிக்குள் உள்ள பிசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. 280 மில்லிகிராம் கடினத்தன்மையை முழுதும் நீக்கினால் லிட்டருக்கு 130 மில்லிகிராமை ஒட்டிய சோடியம் நீரில் கூடும். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். செடிகளுக்கும் சோடியம் ஆகாது. அதனால் தோட்டக் குழாயை இதில் இணைக்காமல் விடுவார்கள். மணிகள் நிரம்பியதும் உப்புக்கரைசலால் கழுவி, அந்தக் கழிவைச் சாக்கடையில் விடுகிறது கருவி.

லாஸ் வேகஸில் வீட்டுக்குள் பயன்படும் நீர் அநேகமாக முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு, பெரும்பகுதி லாஸ் வேகஸ் ஓடை வழியாக மீட் ஏரிக்கே திரும்புகிறது. திருப்பிய அளவுக்கு மாநிலம் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். பாலைவன நகரமொன்று இதைவிடச் சிக்கனமாகத் தண்ணீரைப் புழங்குவது கடினம். ஆனால் வழக்கமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு உப்பை நீக்காது; அது ஏரியில் சேர்ந்து, ஆற்றோடு கீழே கலிஃபோர்னியா, அரிசோனா, மெக்சிக்கோ வயல்களுக்குப் போகிறது. 1961 முதல் உப்பேறிய ஆற்றுநீர் வந்ததை மெக்சிக்கோ எதிர்த்ததால் 1973-இல் இரு நாட்டு உடன்பாடும், 1974-இல் கொலராடோ வடிநில உப்புக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தன. அந்த உப்பு முதன்மையாகப் பாறையிலிருந்தும் பாசனத்திலிருந்தும் வருவது. வீட்டு உப்பின் பங்கு சிறிது. ஆனால் குறைக்க எளிது அதுவே. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரிட்டா புறநகரில், ஆற்றின் கீழ்ப்பகுதிப் பயிர்களைக் காக்க, உப்பு மென்மையாக்கிகளை அகற்ற வேண்டும் என்று 2008-இல் மக்களே வாக்களித்து முடிவெடுத்தார்கள்.

கருவியைக் கைவிட முடியாத வீட்டில், நாள் கணக்கில் அல்லாமல் நீர்ப் பயன்பாட்டை அளந்து கழுவிக்கொள்ளும் வகையைப் பொருத்தினால் உப்பு மிச்சமாகும். உப்பில்லாக் கருவிகளும் கிடைக்கின்றன. அவற்றுள் படிகமாக்கும் வகை, சுண்ணாம்பை நுண்படிகமாக்கிக் குழாயில் ஒட்டாமல் ஓடவைக்கிறது. அது கடினத்தன்மையைக் குறைப்பதில்லை. ஹீட்டருக்கு உதவும், சோப்பு நுரைக்க உதவாது.