சிராவயல் பொட்டலும் உழவனின் நம்பிக்கையும்



காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில், பிள்ளையார்பட்டிக்கு அணித்தே உள்ளது சிராவயல். தைப் பொங்கலை ஒட்டி இவ்வூர்ப் பொட்டலில் நடைபெறும் மஞ்சுவிரட்டு, சிவகங்கைச் சீமையெங்கும் புகழ் பெற்றது. வாடிவாசல் வழியே காளைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுவது சல்லிக்கட்டு. பரந்த வெளியில் காளைகளை ஓடவிட்டுப் பிடிக்க முயல்வது மஞ்சுவிரட்டு. கலித்தொகையில் முல்லைக்கலி பாடும் ஏறுதழுவலின் வழிவந்தவை இவை.

செட்டிநாட்டில் வற்றாத ஆறு இல்லை. கண்மாய் நிறைந்தால்தான் நெல் விளையும். மழை பொய்த்தால் களஞ்சியம் வெறுமையாகும். மாட்டிற்கு வைக்கோலும் கிட்டாது. அத்தகைய காலத்திலும், ஏரிலோ வண்டியிலோ பூட்டாத காளையை ஏழை உழவன் ஏன் போற்றி வளர்க்கிறான்?

மானாமதுரைக்கு அருகிலுள்ள ஊரொன்றின் பெயரைத் தாங்கியது புலிக்குளம் மாட்டினம். மந்தையாக மேயும் இம்மாடுகளை இரவில் வயலிற் கிடையமர்த்தி, நிலத்திற்கு உரம் சேர்ப்பர். இவ்வினத்தின் காளைக் கன்றுகளுக்கு மதிப்பளிப்பது மஞ்சுவிரட்டே. அம்மதிப்பு நீங்கின், அவை அடிமாட்டுச் சந்தைக்குப் போகும். ஆகவே காளையைக் காப்பது, வரும் ஆண்டுகளின் மந்தையையும் காப்பதாகும்.

2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டிற்குத் தடை விதித்தது. 2016ஆம் ஆண்டிலோ வடகிழக்குப் பருவமழை இயல்பினும் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரி 10ஆம் நாள், தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என அரசு அறிவித்தது. பயிர் கருகிய அதே திங்களில், அலங்காநல்லூரிலும் சென்னைக் கடற்கரையிலும் இளைஞர்கள் திரண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் உங்களைப் போன்ற மாணவர்களே. சனவரி 21ஆம் நாள் அவசரச் சட்டம் பிறந்தது. 23ஆம் நாள் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. 2023 மே 18ஆம் நாள், ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

விளையாட்டு மழையைக் கொணரவில்லை; கடனையும் தீர்க்கவில்லை. இதில் உயிரிழப்பு நேர்வதையும் நாம் மறைத்தல் கூடாது. வீரரையும் பார்வையாளரையும் காளையையும் காக்கும் விதிகளைப் பேணுவது விளையாட்டை நேசிப்போரின் முதற் கடமை. ஆயினும், விளைச்சலை இழந்த உழவனுக்கு, அடுத்த தையை எண்ணிக் காளைக்கு நாள்தோறும் தீனி வைக்கும் வேலை எஞ்சியிருந்தது. அவ்வேலையே அவனுக்கு நம்பிக்கையாயிற்று. சிராவயலுக்குச் செல்வோர் காளையின் திமிலைக் கண்டு வியப்பதோடு, அதன் கயிற்றைப் பற்றி நிற்பவனின் முகத்தையும் காண்பாராக.