கஞ்சித் தொட்டியும் அறச்சாலையும்



பசித்தவனுக்குச் சோறும், வீடற்றவனுக்கு ஒதுங்க ஓரிடமும் கொடுப்பது அறம் என்பதை எச்சமயத்தவரும் ஒப்புக்கொள்வர். ஆதலால் தானத்தின் பெருமையை எடுத்துரைப்பது இன்று என் நோக்கமன்று. கொடுப்பவன் கையிலிருந்து புறப்பட்ட பொருள் பசித்தவனை எவ்வாறு சென்றடைந்தது, எவ்விடத்திலே தடையின்றிச் சென்றது, எவ்விடத்திலே வழியிலேயே தேய்ந்து போயிற்று என்பவற்றை நமது வரலாற்றிலிருந்து சில சான்றுகள் கொண்டு ஆராய்வோம்.

முதலிலே ஒரு காப்பியத்தை நினைவுகூர்தல் பொருந்தும். மணிமேகலை மணிபல்லவத்திலே அமுதசுரபி என்னும் பாத்திரத்தைப் பெற்றாள். அம்மணிபல்லவம் நமது நயினாதீவே என்பது அறிஞர் பலர் கருத்து. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் அது. எனினும், அதனை ஏந்திப் புகார் நகருக்கு வந்த மணிமேகலை நேரே சோறு வழங்கத் தொடங்கிவிடவில்லை. ஆதிரை என்னும் இல்லாள் முதற் பிச்சையை இட்ட பின்னரே பாத்திரம் சுரந்தது. தெய்வப் பாத்திரத்துக்கும் ஒரு மனிதக் கை முதலிலே இடவேண்டியிருந்தது என்பதைச் சாத்தனார் மறவாது கூறியிருக்கிறார். இன்னொன்றும் உண்டு. ஆதரவற்றோரும் நோயுற்றோரும் தங்கிய உலகவறவி என்னும் அம்பலத்துக்கே மணிமேகலை பாத்திரத்தைக் கொண்டு சென்றாள். பின்னர் அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள். உணவும் உறையுளும் ஒருங்கே கிடைக்கவேண்டும் என்னும் எண்ணம் அத்துணைப் பழமையானது.

காப்பியத்திலே கண்ட அறக்கோட்டத்தை வரலாற்றிலே காணவேண்டுமாயின் தஞ்சாவூர்ச் சத்திரங்களை நோக்கவேண்டும். தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் யாத்திரிகருக்காகப் பெருவழியிலே பல சத்திரங்களை அமைத்தனர். அவற்றுட் பல அரச குடும்பத்துப் பெண்களின் பெயரைத் தாங்கியவை. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. 1799 ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கும்பனியார் கைக்குச் சென்றது. அப்பொழுது சத்திரங்களின் வருவாய்க்கு இடையூறு நேருமோ என அஞ்சிய இரண்டாம் சரபோசி மன்னர், 1801 ஆம் ஆண்டிலே ஆங்கிலப் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே எல்லாச் சாதியாருக்கும் உணவு வழங்கப்பட்டது, நோயுற்றோருக்கு மருத்துவம் பார்க்கப்பட்டது, கருவுற்ற பெண்கள் பேணப்பட்டனர், பெற்றோரை இழந்த குழந்தைகள் ஆசிரியர் பொறுப்பிலே வளர்க்கப்பட்டனர் என்னும் செய்திகளை அக்கடிதத்தினால் அறிகிறோம்.

இத்துணைப் பணிகளும் நடைபெற்றது எதனால்? ஒவ்வொரு சத்திரத்துக்கும் நிலம் எழுதி வைக்கப்பட்டிருந்தது. விளைந்த நெல் ஆண்டுதோறும் வந்தது. மன்னன் மகிழ்ந்திருந்தாலும் சினந்திருந்தாலும் அடுப்பு எரிந்தது. எனினும் குறையும் உண்டு. ஒருவர் சமைத்ததை மற்றவர் உண்ணாத வேறுபாடு அங்கும் இருந்தது. 1855 ஆம் ஆண்டிலே அரச மரபு முடிவுற்றபின் சத்திரங்கள் அரசாங்க நிருவாகத்துக்குட்பட்டன. பழைய சிறப்புப் படிப்படியாகக் குறைந்தது. சில கட்டிடங்கள் பிற்காலத்திலே பள்ளிக்கூடங்களாகவும் மாணவர் விடுதிகளாகவும் பயன்பட்டன.

யாழ்ப்பாணத்திலே பேரரசர் கட்டிய சத்திரங்கள் இல்லை. ஆயினும் ஊர் மக்கள் கட்டிய மடங்கள் உண்டு. தெருவோரத்திலே ஒரு மடம், அருகிலே ஒரு கேணி, வழிப்போக்கன் தலைச்சுமையை இறக்கச் சுமைதாங்கி, மாடு உடம்பை உரஞ்ச ஆவுரஞ்சிக்கல் என்பன சேர்ந்து நின்ற காட்சியை முதியோர் நன்கறிவர். தெருவையே கூரையால் மூடி நிற்கும் பருத்தித்துறைத் தெருமூடி மடம் இன்றும் அதற்குச் சான்று. வீடில்லாதவன் ஓரிரவு படுத்தெழும்ப அம்மடத்துத் திண்ணையிலே எவருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

சத்திரமும் மடமும் வழிநடப்போருக்காக எழுந்தவை. ஊரே பசியினால் வழிநடக்கத் தொடங்கினால் அவை போதா. அவ்வாறு நேர்ந்த காலத்திலே தோன்றியதே கஞ்சித் தொட்டி. ஐதர் அலியின் படையெடுப்பினாலே சுற்றுப்புறக் கிராமங்கள் பாழாக, மக்கள் சென்னைப் பட்டினத்துக்குள் வந்து குவிந்தனர். 1782 ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே அவர்களுக்காகக் கஞ்சி வார்க்கும் இடமொன்று நகரின் வடபுறத்திலே திறக்கப்பட்டது. மணியக்காரர் மேற்பார்வையிலே நடந்தமையால் அது மணியக்காரர் சத்திரம் எனப் பெயர் பெற்றது. பசித்து வந்தவருட் பலர் நோயாளராகவும் இருந்தமையால் கஞ்சியோடு மருந்தும் தேவைப்பட்டது. காலப்போக்கிலே அங்கு வளர்ந்த மருத்துவமனையே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. அதனைப் பொதுமக்கள் நெடுங்காலம் கஞ்சித் தொட்டி ஆசுபத்திரி என்றே அழைத்து வந்தனர்.

அடுத்த நூற்றாண்டிலே இருவர் இத்துறையிலே நம் கவனத்துக்கு உரியவர். ஒருவர் இராமலிங்க அடிகள், மற்றவர் ஆறுமுக நாவலர். இருவரும் கொள்கையினால் மாறுபட்டவர்கள். அருட்பாப் பற்றிய பூசல் 1869 ஆம் ஆண்டிலே மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றதை இலக்கிய வரலாறு கற்றோர் அறிவர். அப்பூசலை நினைவில் வைத்திருப்போர் பலர். இருவரும் பசித்தோருக்கு அடுப்பு மூட்டினர் என்பதை நினைப்போர் சிலரே.

1866 ஆம் ஆண்டுப் பஞ்சம் ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளையும் வாட்டியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1867 மே 23 ஆம் நாள், வடலூரிலே இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அதற்கான நிலத்தை எந்த மன்னனும் வழங்கவில்லை. பார்வதிபுரத்து மக்கள் ஏறக்குறைய 80 காணி நிலத்தைத் தம்முள் ஒன்றுபட்டுக் கொடுத்தனர். சாதி, சமயம் எதுவும் வினவாது, பசி ஒன்றனையே தகுதியாகக் கொண்டு உணவளித்தல் அச்சாலையின் விதி. அடிகள் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகிறது. தஞ்சைச் சத்திரத்துக்கு இருந்த நிலையான வருவாயும், அங்கில்லாத சமத்துவமும் இங்கே ஒன்றுசேர்ந்தன.

பத்தாண்டு கழியுமுன் தென்னிந்தியாவிலே தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அக்கொடுமையிலே இறந்தோர் ஐம்பது இலட்சத்துக்கு மேற்படுவர் என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பு. அரசாங்கம் நிவாரண வேலைகளைத் திறந்தது. ஆனால் செலவைச் சுருக்கும் பொருட்டு 1877 ஆம் ஆண்டிலே சேர் ரிச்சர்ட் டெம்பிள் என்னும் அதிகாரி, கல்லுடைத்து மண் சுமக்கும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சிறிது காசுமே போதும் என விதித்தார். மாகாணச் சுகாதார ஆணையாளர் டாக்டர் கோர்ணிஷ் அவ்வளவு உணவிலே உழைப்பவன் உயிர் தரியான் என எதிர்த்து வாதாடினார். சில மாதங்களின் பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர் மீளவில்லை. இலண்டன் மாநகர முதல்வர் திறந்த நிதிக்குப் பொதுமக்கள் பல இலட்சம் பவுண் வழங்கினர். அரசாங்கத்தின் அளவுகோல் சுருங்கியபோது, முன்பின் அறியாத மனிதரின் ஈகை கடல் கடந்து வந்தது.

அப்பஞ்சத்திலே ஊரை விட்டுப் புறப்பட்டவர் பலர் நமது மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை நாடி வந்தனர். யாழ்ப்பாணத்தையும் அக்காலத்திலே பஞ்சமும் கொள்ளை நோயும் தாக்கின. இந்திய அரிசியை நம்பியிருந்த குடாநாட்டிலே ஏழைகளின் நிலை இரங்கத்தக்கதாயிற்று. அப்பொழுது நாவலர் கஞ்சித் தொட்டித் தருமத்தைத் தொடங்கினார். பொருளுடையோரை நாடிச் சென்று கேட்டார், அறிக்கை எழுதி வேண்டினார், சேர்ந்ததைக் கஞ்சியாக்கி வார்த்தார். அத்தோடு அவர் அமையவில்லை. யாழ்ப்பாணத்து அரசாங்க ஏசண்டராயிருந்த துவைனந் துரையின் ஆட்சியைக் கண்டித்து அஞ்சாது எழுதினார். ஈகையாளனாக இருந்துகொண்டே குடிமகனாகவும் கேள்வி கேட்டார். ஊரார் கஞ்சி வார்ப்பதனால் ஆட்சியாளர் கடமை தீர்ந்துவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஈகை உள்ளம் எக்காலத்திலும் இருந்தது. ஆனால் அது நிலமாகவும் அடுப்பாகவும் கூரையாகவும் ஓர் ஏற்பாடாக அமைந்த இடங்களிலேதான் பசித்தவன் மறுநாளும் உண்டான். ஏற்பாடு இருந்தும் ஏற்பவனின் சாதியை வினவிய இடத்திலே அறம் குறைபட்டது. அவனது உழைப்பை எடை போட்டுச் சோற்றைக் குறைத்த இடத்திலே அது அறமென்னும் பெயரையே இழந்தது.

இவை பழங்கதைகள் எனக் கருதவேண்டாம். 1995 ஆம் ஆண்டிலே வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயர்ந்தபோது பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் உலகவறவிகளாயின. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர் அரசாங்க உதவி வந்து சேருமுன் அயலூரார் கொண்டு வந்த சோற்றுப் பொதிகளே முதலுணவாயின. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே நகரங்களில் பொதுச் சமையற்கூடங்கள் மீண்டும் தோன்றின. மூன்று தடவையும் முதலிற் கை நீட்டியவர் பெருஞ் செல்வரல்லர், அயலவரே.

ஆனால் நெருக்கடி தணிந்ததும் அடுப்பை அணைத்துவிடுவது நமது வழக்கமாகிவிட்டது. பசி தணிந்தது செய்தித்தாளிலேதான். காலை உணவின்றிப் பள்ளிக்கு வரும் பிள்ளையை ஆசிரியராகிய நாம் எந்த ஆண்டிலும் காண்கிறோம். சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை வேறு பானையிலே இட்டு வைக்கும் பிடியரிசி வழக்கம் நம் வீடுகளிலே இருந்தது. அதனை ஒவ்வோர் ஊரும் மீண்டும் கைக்கொள்ளலாம். சேரும் அரிசிக்கு ஒரு பொறுப்பாளரை நியமித்து, வரவையும் செலவையும் மாதந்தோறும் ஊரறிய எழுதி ஒட்டினால், அப்பானை வெறுமையாகாது. ஆதிரை இட்டதும் ஒரு வீட்டுச் சோறே.